ஸ்கீ கடையில் கேட்கும் கேள்வி



மார்கழி பிறந்ததும் பெங்களூருவின் இளைய கூட்டம் வடக்கே பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சேர்ந்து ஸ்ரீநகருக்கு டிக்கெட் போடுகிறார்கள். அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர் காரில் போய், டங்மார்க்கில் மலையேறி, குல்மார்க்கில் இறங்கிப் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கற்றுத் திரும்பி வந்தவர்கள் அடுத்த வருஷம் சொந்தமாக ஸ்கீ வாங்க ஆசைப்படுகிறார்கள். அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்தில் பார்க்கிற பிள்ளைகளும் என் பேரனின் நண்பர்களும் என்னிடம் கேட்பது இதுதான்: “தாத்தா, எல்லாச் சரிவுக்கும் ஆகிற மாதிரி ஒரு ஸ்கீ சொல்லுங்க.”

என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், நான் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல்.லில் அலுமினியத் தகடுகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். ஐம்பதைத் தாண்டிய பிறகு குல்மார்க்கில் சறுக்கக் கற்றவன். இந்தத் தொழிலுக்கும் அந்த விளையாட்டுக்கும் உறவு உண்டு. ஹோவர்ட் ஹெட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் 1947-ல் முதன்முதலாகச் சறுக்கப் போய், மரப்பலகையோடு மல்லுக்கட்டி, குறை பலகையில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினார். விமானத்துக்குச் செய்வது போலவே இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இலேசான உள்ளீடு வைத்து ஒட்டிப் பார்த்தார். உடைந்தது. திரும்பச் செய்தார். திரும்பவும் உடைந்தது. 1950 வாக்கில் உடையாத உலோக ஸ்கீ கிடைத்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் அத்தனை சுலபமாகத் திரும்பினார்களாம். மற்றவர்கள் அதற்கு ‘ஏமாற்றுப் பலகை’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். ஆகவே, ‘ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்’ என்று சொல்லி உங்கள் வாயை அடைக்க மாட்டேன். பலகை முக்கியம். சரியான பலகை கற்பதை விரைவாக்கும். தவறான பலகை வாரம் முழுவதையும் தின்றுவிடும்.

ஆனால் சரியான பலகை என்று தனியாக ஒன்று கிடையாது. நம் நாட்டின் ஆரிஃப் கானையே எடுத்துக்கொள்ளுங்கள். குல்மார்க்கில் அவருடைய தந்தை ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தார். நாலு வயதில் பனியில் இறங்கிய பிள்ளை, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரரானார். ஜெயண்ட் ஸ்லாலமில் 45-ஆவது இடம். அவர் கலந்துகொண்ட இரண்டு போட்டிகளுக்கும் பலகை வேறு வேறு. ஸ்லாலமுக்கு ஆண்களின் பலகை குறைந்தது 165 சென்டிமீட்டர். ஜெயண்ட் ஸ்லாலமுக்கு 193. ஒரே மனிதர், ஒரே கால், இரண்டு நீளம். நம் கர்நாடகத்தின் குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் தங்கம் வென்றவர், ஓடுவது கிராஸ் கன்ட்ரி. அவர் காலில் இருப்பது மிகவும் மெலிந்த, குதிகால் தூக்க விடுகிற பலகை. வேலையைப் பொறுத்துத்தான் கருவி.

நீங்கள் கேட்கிற ‘ஆல் மவுன்டன்’ ஸ்கீ, இப்படி ஒரே வேலைக்கென்று செய்யாத ஒரு சமரசம். இயந்திரத்தால் சமன்படுத்திய பாதையிலும் போகும். ஓரத்தில் கிடக்கிற கலைந்த பனியிலும் போகும். புதிதாக விழுந்த பூப்பனியிலும் ஓரளவு மிதக்கும். எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் பனியைப் பார்க்கிற பெங்களூருக்காரனுக்கு இந்தச் சமரசம் மிக நல்லது. ஆனால் இந்த ஒரு பெயருக்குள்ளேயே குழந்தை நடைக்கு ஆகிற பலகையும் இருக்கிறது, செங்குத்தில் பாய்கிறவனுக்கு ஆகிற பலகையும் இருக்கிறது. பெயரைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் வழுக்கிவிடுகிறார்கள்.

காலுக்கு நேர் கீழே பலகை எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று முதலில் பாருங்கள். கடைக்காரர்கள் ‘வெய்ஸ்ட்’ என்பது இதைத்தான். 75-லிருந்து 85 வரை இருந்தால் சமன்படுத்திய பாதையில் ஓரத்துக்கு ஓரம் சட்டென்று மாறும். கற்கிறவர்களுக்கு இது போதும். 85-லிருந்து 95 வரை நடுத்தரக்காரர்களின் வீடு. 95-ஐத் தாண்டினால் ஆழ்ந்த பனியில் மிதக்கும், ஆனால் கெட்டிப்பட்ட பாதையில் ஓரத்தைச் சாய்க்க நேரமும் பலமும் வேண்டும். 110-ஐத் தாண்டியதெல்லாம் பூப்பனிக்கென்றே பிறந்தவை.

அடுத்தது நீளம். நிமிர்ந்து நின்றால் புதிதாகக் கற்கிறவருக்குப் பலகையின் நுனி மோவாய்க்கும் மூக்குக்கும் நடுவே வரட்டும். திருப்பங்களைத் தொடர்ச்சியாக இணைக்கத் தெரிந்தவருக்கு மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே. வேகத்தில் நிதானம் வந்தவருக்கு உச்சந்தலை, அல்லது அதற்கும் கொஞ்சம் மேலே. உயரத்தைச் சொல்கிறேனே தவிர, பலகைக்குத் தெரிவது உங்கள் எடைதான். ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஐம்பத்தைந்து கிலோக்காரர் ஒரு பலகையை வளைக்கவே முடியாமல் திணறுவார். எண்பத்தைந்து கிலோக்காரர் அதே பலகையைத் தொய்ய வைத்துவிடுவார். எடை குறைந்தவர்கள் ஒரு அளவு குட்டையாகவும் மென்மையாகவும் எடுங்கள். என் தலைமுறைக்கு முந்தியவர்கள் கையை உயர்த்தி மணிக்கட்டுக்கு எட்டுகிற இரண்டு மீட்டர் பலகையை இழுத்துக்கொண்டு திரிந்தார்கள். 1993-ல் ஸ்லோவேனியாவின் எலான் கம்பெனி நடுவில் நன்றாகக் குறுகி முனைகளில் விரிந்த பலகையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிலைமை மாறியது. சாய்த்தாலே அது தானாக வளைந்து திரும்பும். குட்டைப் பலகை எடுப்பது கூச்சத்துக்குரிய விஷயமாக இருந்த காலம் போய்விட்டது.

விறைப்பைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தொழில் அது. நல்ல மர உள்ளீட்டின் மேலும் கீழும் டைட்டனால் தகடு பதித்த பலகைகள் கடையில் மிக அழகாகக் கண்ணைப் பறிக்கும். டைட்டனால் வலுவான ஓர் அலுமினியக் கலவை. வேகத்தில் பலகை நடுங்காமல் தடத்தைப் பிடித்துக்கொள்ள அது உதவும். அந்த உதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் வேகத்தில் இருக்க வேண்டும், உடல் எடையை முன்பக்கம் துணிந்து சாய்க்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்ந்து உட்காருகிற புதியவருக்கு விறைப்பான பலகை வளைந்தே கொடுக்காது. நேராகக் கீழே இழுத்துக்கொண்டு போகும். மென்மையான பலகை உங்கள் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், மெதுவான வேகத்திலும் வளையும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, வால் முனையைத் தரையில் ஊன்றி, நுனியை ஒரு கையால் பிடித்து நடுவை மறு கையால் அழுத்திப் பாருங்கள். நாலு பலகையை இப்படி அழுத்தினாலே உங்கள் கைக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

வளைவையும் பாருங்கள். தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்லாக எழும்பி நிற்பது கேம்பர். உங்கள் எடை ஏறியதும் அது ஓரங்களைப் பனியில் அழுத்தும், கெட்டிப்பனியில் பிடிப்புத் தரும். நுனி சீக்கிரமே மேல்நோக்கி எழும்பியிருப்பது ராக்கர். திருப்பத்தைத் தொடங்க எளிது, ஆழ்ந்த பனியில் நுனி புதையாது. நுனியில் கொஞ்சம் ராக்கரும் காலடியில் கேம்பரும் சேர்ந்தது பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

இனி, தலைப்பில் சொன்ன, கடையில் உங்களைக் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். வாடகைக் கடையிலும் சரி, சொந்தப் பலகைக்குப் பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற பூட்டு) மாட்டுகிற கடையிலும் சரி, ஒழுங்கான இடமாக இருந்தால் ஒரு படிவம் நீட்டுவார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம். கடைசியாக, நீங்கள் எப்படிப்பட்ட சறுக்காளர்? எச்சரிக்கையாக மெதுவாகப் போகிறவரா, நடுத்தரமா, வேகமாகச் செங்குத்தில் பாய்கிறவரா? ஒன்று, இரண்டு, மூன்று என்று வகை. இந்த விடைகளை வைத்து அட்டவணையில் ஓர் எண்ணைக் கண்டுபிடித்து, பைண்டிங்கின் ஸ்பிரிங்கை அந்த எண்ணுக்குத் திருகி வைப்பார்கள். விழும்போது எவ்வளவு விசை வந்தால் பூட்ஸ் பலகையை விட்டுக் கழல வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. இரண்டாம் வகை என்றால் ஒரு படி இறுக்கம் கூடும்; மூன்றாம் வகை என்றால் இரண்டு படி. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு படி குறைப்பார்கள். எனக்குக் குறைத்தபோது நிம்மதியாகத்தான் இருந்தது. எலும்பின் வயதை அந்த அட்டவணை மதிக்கிறது.

உங்கள் அலுவலகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். ஐந்துக்கு மூன்று என்று மனசாட்சிப்படி எழுதினால் மேலதிகாரி அதை இரண்டாக்கிவிடுவார் என்று பயந்து எல்லோருமே நாலரை போடுகிறார்கள் என்று என் மகள் சொல்கிறாள். அந்தக் கைப்பழக்கம் மலைக்கும் வந்துவிடுகிறது. கூட வந்த நண்பன் ‘மூன்று’ என்று எழுதினால் நீங்களும் மூன்று எழுதுகிறீர்கள். அலுவலகப் படிவத்தில் ஒரு படி ஏற்றினால் சம்பளம் கொஞ்சம் ஏறலாம். இங்கே ஏறுவது ஸ்பிரிங்கின் இறுக்கம். மெதுவாகப் போகும்போது முறுக்கிக்கொண்டு விழுந்தால், கழல வேண்டிய பூட்ஸ் கழலாது. அந்த முறுக்கு முழுவதும் கீழ்க்கால் எலும்புக்குப் போகும். சரியாகத் திருகிய பைண்டிங்கும் முழங்காலின் தசைநாரை முழுமையாகக் காப்பாற்றிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதைக் காப்பது உங்கள் நிதானமும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் சரிவும்தான். எடையைக் குறைத்துச் சொல்கிற பெண்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து கிலோ குறைத்து எழுதினால் பைண்டிங் தேவையில்லாத இடத்தில் திறந்துகொள்ளும். அதுவும் ஆபத்துதான்.

உங்கள் தரம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்தச் சரிவில் இறங்கினீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; எப்படி இறங்கினீர்கள் என்று பாருங்கள். இரண்டு பலகைகளின் நுனியையும் சேர்த்து ‘ஸ்னோ ப்ளோ’ போட்டுக்கொண்டு செங்குத்தான பாதையில் உயிரைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தவர் இன்னும் புதியவர்தான். நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப முடிகிறதா? பலகைகளை இணையாக வைத்துப் பத்துத் திருப்பங்களைச் சீரான வேகத்தில் கோர்க்க முடிகிறதா? பனி கெட்டியாக இருக்கும் காலையிலும், குழம்பிப்போன மாலையிலும் இது முடிந்தால் நீங்கள் நடுத்தரம். வேகத்தை மறந்து, பாதையைப் பார்த்துத் திட்டமிட்டு, சமன்படுத்தாத பனியிலும் தடுமாறாமல் வந்தால்தான் அதற்கு மேல்.

ஃப்ரேசர் டவுனில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் 184 சென்டிமீட்டர் நீளமும் 108 மில்லிமீட்டர் அகலமும் உள்ள விறைப்பான பலகையைப் பரிசாக அனுப்பினான். பையனோ ஒரே ஒரு வாரம் கற்றவன். பனி குறைந்த வருஷம் வேறு. பாதையெல்லாம் இறுகிக் கிடந்தது. பலகை திரும்பவே இல்லை. தன்னால் இது ஆகாது, தனக்கு உடல்வாகு இல்லை என்று சொல்லிக்கொண்டு அவன் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். பயிற்சியாளர் அவனை எழுப்பிக்கொண்டு போய் வாடகைக்கு ஒரு குட்டையான, மெல்லிய பலகையை மாட்டிவிட்டார். மதியத்துக்குள் திருப்பங்கள் வந்துவிட்டன. எனக்கு இதில் வருத்தம் அந்த அரை நாள் போனதற்காக இல்லை. அன்பில் கிடைத்த பெரிய கருவி, ஒரு பிள்ளையைத் தன்மேல் நம்பிக்கை இழக்க வைத்ததே, அதற்காக. ஐ.ஐ.டி. பயிற்சி வகுப்பில் முதல் நாளே கடைசி அத்தியாயத்தைத் திறந்து வைத்துப் பிள்ளைகளை அழவைக்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தம் நிலைக்கு மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, பிறகு தம்மையே மட்டமாக எடை போட்டுக்கொள்கிற பழக்கம் இந்த ஊரில் நிறைய இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைப் பெரியவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஜெயநகரில் எங்கள் குடும்ப நண்பரின் மகள் நன்றாகச் சறுக்குவாள். இணைத் திருப்பம் கைவந்து நாளாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அதே குட்டைப் பலகையையே எடுப்பாள். வேகம் கூடினால் அது அவள் காலடியில் படபடவென்று நடுங்கும், அதை அவள் தன் பயத்தின் நடுக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். தன் அளவுக்கு எட்டு சென்டிமீட்டர் கூடுதலாக, கொஞ்சம் விறைப்பாக ஒன்றைப் போட்ட அன்று அந்த நடுக்கம் போய்விட்டது. அடக்கம் என்ற பெயரில் தன்னைக் குறைத்து எழுதுவதும் பொய்க்கணக்குதான். பெண்களுக்கென்று தனி நிறத்தில் விற்கிற பலகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பலவற்றில் உள்ளீடு இலேசாகவும், பைண்டிங் சற்று முன்னாலும் இருக்கும். எடை குறைந்தவர்களுக்கு அது நல்லது. எடையையும் திறமையையும் பார்த்து எடுங்கள். நிறத்தைப் பார்த்து வேண்டாம்.

இடத்தையும் கணக்கில் எடுங்கள். உத்தராகண்டில் இருக்கும் ஆலியின் சரிவுகள் ஏறத்தாழ 2,500-லிருந்து 3,050 மீட்டர் உயரத்துக்குள் அடக்கம். புதியவர்க்கும் நடுத்தரக்காரர்க்கும் உகந்தவை. 2023 ஜனவரியில், ஆலிக்குப் போகும் வழியிலுள்ள ஜோஷிமட்டில் நிலம் புதைந்ததோடு ரோப்வேயும் நின்றுபோனதால், போகும் வழியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். குல்மார்க்கில் கொண்டோலா என்கிற கம்பிவட ஊர்தியின் முதல் கட்டம் 1998-லும் இரண்டாம் கட்டம் 2005-லும் வந்தன. கீழே மைதானத்தின் மெல்லிய சரிவுகள் கற்பவர்களுக்கு. முதல் நிலையமான கோங்டூரியிலிருந்து இறங்குவது நடுத்தரக்காரர்களுக்கு. இரண்டாம் கட்டம் உங்களை அஃபர்வட்டில் சுமார் 3,950 மீட்டரில் இறக்கிவிடும். அங்கே சமன்படுத்திய பாதை இல்லை, காட்டுப்பனிதான். அந்த மலையின் பனிச்சரிவில் 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் உயிரிழந்தார்கள். நூறு மில்லிமீட்டர் பலகை வாங்கிவிட்டதால் மேலே போகத் தகுதி வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே வேண்டியது உள்ளூர் வழிகாட்டியும், பனியில் புதைந்தவரைத் தேடும் கருவியும், அதைப் பயன்படுத்தப் பெற்ற பயிற்சியும். பனி பெய்வதும் முன்போல் இல்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் நெடுநாள் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2025-ல் பனி போதாமல் கேலோ இந்தியா போட்டிகளையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பூப்பனியை நம்பி அகலப் பலகை வாங்கியவருக்குக் கெட்டிப்பனி கிடைக்கிற காலம் இது.

அதனால் என் யோசனை இதுதான். முதல் இரண்டு பருவங்கள் வாடகைக்கே எடுங்கள். தினம் ஒரு பலகையாக மாற்றி, நீளம், அகலம், காலுக்கு எப்படி இருந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். கையில் பணம் இருந்தால் முதலில் பூட்ஸ் வாங்குங்கள். பலகை கடன் வாங்கலாம். கடன் வாங்குகிற பூட்ஸோ அடுத்தவர் காலுக்குப் பழகிப்போனது. ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கம் தொட வேண்டும்; முழங்காலை மடக்கினால் விரல் சற்றுப் பின்வாங்க வேண்டும்; குதிகால் துளியும் எழும்பக்கூடாது. ஷூ கடையில் சொல்கிற எண் இங்கே உதவாது. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். ஜெயமகால் ரோட்டு ஸ்னோ சிட்டியில் குழந்தைகளோடு பனி விளையாடலாம், சறுக்கக் கற்க அது போதாது. அதைவிட நந்தி மலைப் படிகளில் ஏறி, ஏறியதைவிட மெதுவாக இறங்கிப் பழகுங்கள். மெதுவாக இறங்கும்போது தொடையின் முன்தசை நன்றாக வலுப்படும். குல்மார்க்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனமே வகுப்பு நடத்துகிறது. அங்கே முறையாகத் தொடங்கியவர்களின் கால்களில் ஒரு தனி ஒழுங்கைப் பார்க்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் கிளம்புகிறவர்கள் புறப்படும் வாரத்தில் உடைகளோடு ஒருமுறை எடை பாருங்கள், பாதத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் படிவம் நீட்டினால் அந்த எண்களையும், ஒன்றாம் வகை என்றால் ஒன்றாம் வகை என்பதையும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். படிவமே நீட்டாமல் பலகையைத் தூக்கிக் கொடுக்கிற கடையென்றால், பைண்டிங்கை யார் எந்தக் கணக்கில் திருகினார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.